குழந்தையின் சிறுநீரகம்: காலத்தே காணும் குறிகள்



நம் உடலில் ஓயாது உழைத்தும், தன் உழைப்பைப் பிறர் அறியாதபடி மறைந்திருக்கும் உறுப்புகளுள் சிறுநீரகம் ஒன்று. நெஞ்சிலே கை வைத்தால் இதயத்தின் துடிப்புத் தெரிகிறது. மூச்சுத் திணறினால் கண்ணால் காண்கிறோம். வயிறு பசித்தால் தானே சொல்லிவிடுகிறது. சிறுநீரகமோ நலமாக இருக்கும்போதும் பேசுவதில்லை. நலிவுறும்போதும் எளிதில் பேசுவதில்லை. வளர்ந்தவர் நிலையே இதுவானால், தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத குழந்தையின் நிலையை விளக்க வேண்டியதில்லை. குழந்தையின் சிறுநீரகத்துக்கு ஊறு நேர்ந்ததை எவ்வளவு விரைவில் அறியலாம், அங்ஙனம் அறிவதால் விளையும் பயன் யாது என்பவற்றையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

இதனை ஆராய்வதற்குக் கொல்கத்தா மிகப் பொருத்தமான நகரம். 1835-ஆம் ஆண்டில் இங்கு மருத்துவக் கல்லூரி தோன்றியது; சென்னையிலும் அதே ஆண்டில்தான் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. குழந்தை மருத்துவத்திற்கென ஓர் இந்திய இதழ் 1933-இல் இந்நகரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதனை நிறுவிய மருத்துவர் கே. சி. சௌதுரி, 1956-இல் குழந்தை நல நிலையம் ஒன்றையும் இங்கே நிறுவினார். குழந்தையைச் சிறிய உருவில் அமைந்த பெரியவர் என்று கருதுதல் கூடாது, அதன் உடலுக்கு வேறு கணக்கு உண்டு, என்னும் உண்மை வேரூன்றிய இடங்களுள் இந்நகரம் முக்கியமானது. சிறுநீரக நோயைப் பற்றிய பேச்சில் இவ்வுண்மை மீண்டும் மீண்டும் நம் முன் வந்து நிற்பதைக் காண்போம்.

முதலில் இவ்வுறுப்பின் வேலையைச் சிறிது அறிந்துகொள்வோம். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இருமருங்கிலும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொரு வடிகட்டிக்கும் நீண்டதொரு நுண்குழாய் தொடர்கிறது. இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு உறுப்புகளுக்கே செல்கிறது. வடிகட்டிகள் நீரையும் உப்பையும் கழிவையும் பிரிக்கின்றன; நுண்குழாய்கள் உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் மீட்டுக்கொண்டு, வேண்டாதவற்றைச் சிறுநீராக விடுகின்றன. தாயின் வயிற்றிலே ஏறத்தாழ முப்பத்தாறாம் வாரத்துக்குள் இவ்வடிகட்டிகள் அனைத்தும் அமைந்துவிடுகின்றன. அதன் பின்னர் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. நிறைமாதத்துக்கு வெகு முன்னரே பிறந்த குழந்தை குறைந்த முதலோடு வாணிகம் தொடங்குபவனைப் போன்றது. எந்தக் குழந்தையாயினும், இழந்த வடிகட்டியை மீண்டும் பெறுதல் இயலாது. ஆதலின் இருப்பதைக் காத்தலே நாம் செய்யத்தக்கது.

இனிக் கொல்கத்தாவின் வரலாற்றுக்கு வருவோம். வங்க நாட்டைப் பல தலைமுறைகளாக வாட்டிய நோய் காலரா. இந்நோயில் குடல் வழியே நீர் கொட்டுகிறது, உடல் வற்றுகிறது, குருதி அழுத்தம் தாழ்கிறது. அப்போது குருதி கிடைக்காமல் முதலில் வாடும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்று. ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்த சம்பு நாத் டே என்னும் நோய்க்கூற்று அறிஞர், காலராவால் மாண்டவர்களின் சிறுநீரகங்களைத் தம் துணைவர்களோடு ஆராய்ந்து 1954-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலருடைய சிறுநீரகத்தில் புறப்பகுதி முழுவதுமே உயிரற்றுப் போயிருந்ததை அவர்கள் கண்டனர். வடிகட்டிகள் நிறைந்திருப்பது அப்புறப்பகுதியிலேதான். பின்னர் 1959-இல், காலராக் கிருமி சுரக்கும் நச்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை மெய்ப்பித்து டே உலகப் புகழ் எய்தினார். சிறுநீரகத்தைப் பற்றி அவர் 1954-இல் தந்த அறிவு மிக உயர்ந்தது. ஆயினும் அது பிணவறை மேசையில் கிடைத்த அறிவு. மாண்டவருக்கு அது பயன்படவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லையோர ஊராகிய போன்காவ் முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுதற்குரிய உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை. கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துவந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அப்போது ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்னும் அளவில் கலந்து, அந்நீரை வாய் வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளியின் தாயும் தமக்கையும் உறவினருமே. நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, அவர் பொறுப்பிலிருந்த இடத்தில் நான்குக்கும் கீழே குறைந்தது. 1978-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை நாடெங்கும் பரப்பும் திட்டத்தைத் தொடங்கியது. மகலனாபிஸ் 2022-இல் மறைந்தார். அவருடைய உப்புச் சர்க்கரை நீரை வயிற்றுப்போக்கின் மருந்து என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். உண்மையில், வற்றிய குழந்தையின் சிறுநீரகத்துக்குக் குருதி குறையாமல் காக்கும் காவலும் அதுவே.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம், யாவும் முடிந்தபின் காணும் அறிவு. மற்றொரு பக்கம், ஊறு நேருமுன்னரே தடுக்கும் அறிவு. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு குழந்தை கட்டிலில் படுத்திருக்கிறது. ஊறு நேர்ந்துவிட்டது, ஆனால் உறுப்பு இன்னும் சாகவில்லை. அந்தச் சில மணி நேரத்தில், 'இக்குழந்தையின் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது' என்று நமக்குச் சொல்வது யார்?

நெடுங்காலமாக இவ்வேலை கிரியாட்டினின் என்னும் பொருளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தசைகள் இயங்குவதால் உண்டாகும் கழிவுப்பொருள் இது. சிறுநீரகம் இதை வெளியேற்றுகிறது. வெளியேற்றம் குறைந்தால் குருதியில் இது மிகுகிறது. 1886-இல் மாக்ஸ் யாஃபே என்னும் ஜெர்மானிய வேதியியலார் கண்ட ஒரு நிற மாற்றமே இன்றும் பல ஆய்வகங்களில் இதனை அளக்க உதவுகிறது. எளியது, மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆயினும் குழந்தைகளிடம் இதற்குச் சில குறைகள் உண்டு.

முதற்குறை, தாமதம். நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். மதகு அடைபட்டவுடன் ஏரி நிறைந்துவிடுவதில்லை. வரத்து நீர் சிறிது சிறிதாகத் தேங்கி, கரையிலுள்ள அளவுக் கல்லைத் தொடுவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரை கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கிரியாட்டினின் இந்த அளவுக் கல்லைப் போன்றது. சிறுநீரகம் இன்று காலையில் அடிபட்டால், கிரியாட்டினின் ஐயத்துக்கிடமின்றி உயர்வதற்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை செல்லக்கூடும். அன்றியும், சிறுநீரகத்துக்குச் சேமத் திறன் மிகுதி. வேலைத் திறனில் பாதியளவு போன பிறகே சிலரிடம் இவ்வளவு வெளிப்படையாக ஏறுகிறது.

இரண்டாவது குறை, தசையைப் பற்றியது. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது என்றோம். உணவு போதாமல் மெலிந்து, தோலும் எலும்புமாக இருக்கும் குழந்தைக்குத் தசை ஏது? அதன் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் குருதியில் கிரியாட்டினின் குறைவாகவே காணப்படும். ஏழைக் குழந்தையின் நோயை அதன் வறுமையே மறைத்துவிடுகிறது. புதிதாகப் பிறந்த குழந்தையின் நிலையும் விந்தையானது. முதல் சில நாட்களில் அதன் குருதியிலுள்ள கிரியாட்டினினில் பெரும்பகுதி தாயிடமிருந்து வந்ததாகும்.

மூன்றாவது குறை, கணக்கைப் பற்றியது. குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413 ஆல் பெருக்கி, கிரியாட்டினின் அளவால் வகுத்தால் வடிகட்டும் திறன் ஏறத்தாழக் கிடைக்கும். ஷ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1976-இல் வகுத்து, 2009-இல் திருத்திய முறை இது. 100 சென்டிமீட்டர் உயரமுள்ள, நான்கு வயது மதிக்கத்தக்க குழந்தையை எடுத்துக்கொள்வோம். கிரியாட்டினின் 0.4 என்றால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 103; இது நலமான நிலை. 0.8 என்றால் திறன் 52 அளவுக்கு இறங்கிவிடுகிறது, பாதி போய்விட்டது. ஆனால் 0.8 என்பது வளர்ந்த ஆடவருக்கு முற்றிலும் இயல்பான அளவு. ஆய்வகத் தாளில் பெரியவருக்குரிய எல்லையே அச்சிடப்பட்டிருந்தால், அக்குழந்தையின் தாளில் 'இயல்பு' என்றே எழுதியிருக்கும். பெற்றோரும் மகிழ்ந்து வீடு திரும்புவர். குழந்தைக்கு வேறு கணக்கு உண்டு என்று முன்னர்க் கூறியது இதனாலேயே.

இக்குறைகளைக் கண்ட அறிஞர், ஏரியின் அளவுக் கல்லை நம்பியிராமல், மதகு உடையும்போதே கூவும் காவலன் ஒருவனைத் தேடினர். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அடிபடும்போது அவற்றின் உயிரணுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவை சிறுநீரில் கலந்து வெளிவருகின்றன. அவற்றை அளந்தால் உறுப்பின் வேலை குறைவதற்கு முன்னரே, உறுப்பு அடிபட்ட செய்தி கிடைத்துவிடும். இத்தகைய பொருள்களையே பயோமார்க்கர் என்கின்றனர். தமிழில் உயிர்க்குறிப்பான் எனலாம்.

இவற்றுள் பெயர் பெற்றது என்-கேல் என்னும் சிறு புரதம். முதலில் இது குருதியின் வெள்ளணுக்களில் கண்டறியப்பட்டது. பின்னர், அடிபட்ட சிறுநீரகமும் இதை மிகுதியாகச் சுரப்பதை அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தை மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன் குழுவினர் கண்டனர். ஜயா மிஸ்ராவும் அவர்களும் 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இடம்பெற்றவர்கள் இதய அறுவை செய்யப்பட்ட 71 குழந்தைகள். அறுவையின்போது எந்த நேரத்தில் குருதி ஓட்டம் மாறியது என்பது துல்லியமாகத் தெரியுமாதலால் இது நல்லதொரு சோதனைக் களம். அவர்களுள் 20 குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரியாட்டினின் இதனை உணர்த்துவதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆயின. சிறுநீரிலுள்ள என்-கேலோ இரண்டே மணி நேரத்தில், 1.6 மைக்ரோகிராம் என்னும் சராசரி அளவிலிருந்து 147 மைக்ரோகிராம் வரை ஏறிவிட்டது. நாட்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. 2023 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம், மூன்று மாதம் முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு இச்சோதனையை மருத்துவமனைகளில் பயன்படுத்த இசைவளித்தது.

வேறு குறிப்பான்களும் உண்டு. கிம்-1 என்பது அடிபட்ட நுண்குழாயின் மேற்பரப்பிலிருந்து சிறுநீரில் உதிரும் புரதம். சிஸ்டாட்டின்-சி என்பது உடலின் எல்லா அணுக்களிலும் உண்டாவது. தசையின் பருமனைப் பெரிதும் சாராதது. ஆதலின் மெலிந்த குழந்தையிடம் கிரியாட்டினின் செய்யும் ஏமாற்று வேலையை இது செய்வதில்லை. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இதன் பயன் பெரிது.

இக்குறிப்பான்களின் எல்லையையும் நடுநிலையோடு கூறிவிட வேண்டும். உடலில் கடுமையான கிருமித் தொற்று இருந்தாலும், சிறுநீர்ப் பாதையில் சீழ் இருந்தாலும் என்-கேல் உயரும். இதய அறுவையில் அடிபட்ட நேரம் தெரியும். காய்ச்சலோடு மூன்றாம் நாள் வரும் குழந்தையிடம் அது தெரியாது. ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்து பார்த்தல் வீண் செலவு. ஐயத்துக்கிடமான குழந்தையைத் தேர்ந்து செய்தலே முறை. மற்றொன்றும் நினைவிருக்க வேண்டும். குறிப்பான் நோயைச் சொல்லுமேயன்றித் தீர்க்காது. அடிபட்ட சிறுநீரகத்தை ஒரே வேளையில் சீர்செய்யும் மருந்து இன்றும் இல்லை.

அப்படியானால் முன்கூட்டி அறிவதால் என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். பயன் உண்டு. சிறுநீரகத்துக்குத் தீங்கான மருந்துகளை நிறுத்தலாம், அல்லது அளவைக் குறைக்கலாம். நீர் வற்றிய குழந்தைக்கு நீர் ஊட்டலாம். நீர் மிகுந்த குழந்தைக்கு நீரை அளந்து கொடுக்கலாம். குருதி அழுத்தத்தைக் கண்காணிக்கலாம். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு அனுப்பலாம். வெறும் கண்காணிப்பே என்ன செய்யவல்லது என்பதற்கும் சான்று உண்டு. மேற்கூறிய சின்சினாட்டி மருத்துவமனையில், சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடிய மருந்துகள் பலவற்றை ஒருங்கே பெறும் குழந்தைகளுக்கு நாள்தோறும் கிரியாட்டினின் பார்ப்பதென்று ஒரு விதி வகுத்தனர். 2016-இல் வெளியான முடிவின்படி, அம்மருந்துகளால் வந்த சிறுநீரக ஊறு நூற்றுக்கு 64 பங்கு குறைந்தது. புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய சோதனையையே காலத்தில் செய்தார்கள், அவ்வளவே.

இனி நம் நாட்டு நிலைமையைக் காண்போம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு, அங்குச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குத் திடீர்ச் சிறுநீரக ஊறு நேர்ந்ததைக் காட்டியது. அவ்வூறுக்கு முதன்மையான காரணம் கிருமித் தொற்று. மேற்கு வங்கத்திலும் காரணங்கள் நாமறிந்தவையே. வயிற்றுப்போக்கு ஒன்று. இரத்த பேதி மற்றொன்று. 1984-இல் இம்மாநிலமெங்கும் பரவிய சிகெல்லாக் கிருமியின் நச்சு, சிறுநீரகத்தின் நுண்குருதிக் குழாய்களை அடைக்கவல்லது. மூன்றாவது, கண்ணாடி விரியன் கடி. வங்காளிகள் இதனைச் சந்திரபோரா என்பர். வயல்வெளியில் இப்பாம்பின் வாய்ப்பட்ட சிறுவனுக்குக் குருதி உறையாமை முதலில் தெரியும். சிறுநீரகம் அடைபடுவது பிறகே தெரியும்.

மற்றொரு காரணத்தையும் மறைத்தல் தகாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை நச்சு கலந்த மருந்துநீர், 1972-இல் சென்னையிலும், 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும், 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலும் குழந்தைகளைப் பலிகொண்டது. சிந்த்வாராவுக்குச் சென்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது என்பது நம்மைத் தலைகுனியச் செய்யும் செய்தி. சாதாரணக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து பெற்ற அக்குழந்தைகளிடம் கண்ட தொடக்கக் குறி எது? சிறுநீர் குறைந்து, பின்னர் நின்றுபோனதேயாகும்.

இவ்விடத்தில் 2017-இல் வெளியான ஒரு பேராய்வு நம் கருத்துக்குரியது. பல நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்த 4,683 குழந்தைகளையும் இளைஞர்களையும் அதில் ஆராய்ந்தனர். நூற்றுக்கு 27 பேரளவில் சிறுநீரக ஊறு காணப்பட்டது. சிறுநீர் குறைந்ததால் ஊறு உண்டென்று அறியப்பட்டவர்களுள், மூவரில் இருவரைக் கிரியாட்டினின் மட்டும் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பார்கள் என்பது அவர்கள் கண்ட வியப்பான உண்மை. அஃதாவது, சிறுநீரின் அளவே ஒரு குறிப்பான். அதற்கு ஆய்வகம் வேண்டா, விலையும் இல்லை. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஆறு மணி நேரத்தில் 30 மில்லிலிட்டருக்கும், அதாவது ஓர் அவுன்ஸ் கிளாஸ் அளவுக்கும், குறைவாகச் சிறுநீர் கழித்தால் அது எச்சரிக்கை. மருத்துவமனையில் செவிலியர் அதை அளந்து எழுதுதல் வேண்டும். வீட்டிலே தாய் அளக்க வேண்டுவதில்லை. 'இன்று எத்தனை முறை நனைத்தான்?' என்று எண்ணினாலே போதும்.

சிறுநீரைப் பார்த்து நோயறிதல் தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளில் நீரும் ஒன்று. நீரின் நிறம், மணம், நுரை, அளவு ஆகியவற்றைக் காண்பதை நீர்க்குறி என்றும், அதன்மேல் விட்ட எண்ணெய்த் துளி பரவும் வகையைக் காண்பதை நெய்க்குறி என்றும் வழங்கினர். எண்ணெய்த் துளிக்கும் என்-கேலுக்கும் உறவு கற்பிக்க நாம் முயலவில்லை. நோயாளியின் நீரை அருவருக்காமல் உற்று நோக்க வேண்டும் என்னும் பழக்கம் நம்மிடம் இருந்தது என்பதையே சுட்டுகிறோம். அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிடலாகாது.

திடீர் ஊறு ஒருபுறமிருக்க, மெல்ல வளரும் சிறுநீரக நோயும் உண்டு. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்புள்ள ஆண் குழந்தைக்கு நீர் தாரையாக வராமல் சொட்டு சொட்டாக வரும். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். காலையில் எழும்போது கண்ணிமை வீங்கியிருந்தால், தூக்கக் குறைவு என்றோ, பூச்சி கடித்தது என்றோ எண்ணிவிடுகிறோம். சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் ஒழுகும் நோயாகவும் அது இருக்கலாம். அல்புமினைக் காண ஒரு காகிதப் பட்டை போதும். சிறுநீரில் தோய்த்தால் ஒரு நிமிடத்தில் நிறம் மாறிக் காட்டும். 1827-இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட் கரண்டியிலே சிறுநீரை வைத்துச் சூடாக்கிக் கண்டதை இன்று பட்டை காட்டுகிறது. இதுவும் ஒரு குறிப்பானே, எல்லாவற்றிலும் மலிவானது. ஜப்பானியர் 1974 முதல் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை நடத்தி வருகின்றனர். நலமாக ஓடி விளையாடும் பிள்ளைகளிடமே நோயின் தொடக்கத்தைக் கண்டு அவர்கள் மருத்துவம் செய்கின்றனர்.

ஊறு தீர்ந்த குழந்தையையும் மறந்துவிடலாகாது. திடீர்ச் சிறுநீரக ஊறிலிருந்து மீண்ட குழந்தைகளைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்துக் கொல்கத்தா மருத்துவர்கள் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மீண்டுவிட்டதாகக் கருதப்பட்டவர்களிலும் சிலரிடம் நோயின் சுவடு நிலைத்திருந்ததை அது உணர்த்தியது. ஆதலின் ஒருமுறை டயாலிசிஸ் செய்து பிழைத்த பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருதி அழுத்தமும் சிறுநீர் அல்புமினும் பார்த்தல் வேண்டும். 'பிழைத்துவிட்டான்' என்னும் மகிழ்ச்சியில் மருத்துவச் சீட்டைத் தொலைத்துவிடும் குடும்பங்கள் பல.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. சிறுநீரகத்தைக் காப்பது பெரிதும் காலத்தைப் பொறுத்தது. என்-கேல் சோதனை இரண்டு மணி நேரத்தில் செய்தி சொல்லலாம். ஆனால் சுந்தரவனத்துத் தீவு ஒன்றிலிருந்து படகேறி, பேருந்தேறி, மூன்றாம் நாள் மாலையில் கொல்கத்தா மருத்துவமனை வாயிலை அடையும் குழந்தைக்கு அந்த இரண்டு மணி நேரத்தால் என்ன பயன்? இழந்தது மூன்று நாள். மிச்சப்படுத்துவது சில மணி நேரம். புதிய சோதனைகள் பெரிய மருத்துவமனைகளுக்கு வரவேண்டும், விலை குறையவேண்டும், நம் குழந்தைகளிடமே அவற்றின் அளவுகள் ஆராயப்பட வேண்டும். அதனோடு, சிற்றூர் சுகாதார நிலையத்தில் காகிதப் பட்டையும், குழந்தையின் கைக்கேற்ற குருதி அழுத்தப் பட்டையும், சிறுநீரை அளந்து எழுதும் வழக்கமும் இருத்தல் வேண்டும். முன்னையது இல்லாமல் பின்னையது ஓரளவு பயன் தரும். பின்னையது இல்லாமல் முன்னையது பயன் தராது.

வீட்டிலிருப்போர் நினைவில் கொள்ளத்தக்கவை சில. வயிற்றுப்போக்குத் தொடங்கியவுடனே உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் குறித்த அளவு நீரில், கூட்டாமலும் குறைக்காமலும் கரைத்துப் புகட்டுங்கள். காய்ச்சலோ பேதியோ கண்ட குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். சிறுநீர் தேநீர் நிறமாகவோ, இறைச்சி கழுவிய நீர் போலவோ இருந்தால் உடனே காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கிய வலி மருந்தையும் இருமல் மருந்தையும் சிறு குழந்தைக்குக் கொடாதீர்கள். பாம்பு கடித்தால் மந்திரத்துக்கும் கட்டுக்கும் நேரம் போக்காமல், நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தையின் கிரியாட்டினின் தாளைப் பெறும்போது, 'இவ்வளவு இவன் உயரத்துக்கு ஏற்றதா?' என்று மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சினம் கொள்ளமாட்டார். நல்ல மருத்துவரானால் மகிழ்வார்.

சம்பு நாத் டே பிணவறையில் கண்டதை, இன்றைய மருத்துவர் கட்டிலருகே இரண்டு மணி நேரத்தில் காண முடிகிறது. மகலனாபிஸ் முகாமில் தாய்மாரின் கையில் கொடுத்த குவளையோ, அவ்வூறு நேராமலே தடுக்கிறது. அறிவு இவ்வாறு முன்னோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. அது இன்னும் ஓரடி நகர வேண்டும். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும். அந்த ஓரடியை எடுத்து வைப்பது குழந்தையின் ஈரத் துணியை எண்ணிப் பார்க்கும் தாயின் கையிலும், பள்ளியில் காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கும் செவிலியின் கையிலும் உள்ளது.